அம்புகளைக் கூட்டுங்கள், பிறகு வர்க்கம் எடுங்கள்: குவாண்டம் பாடம் பற்றி வாசகர் கேள்விகள்

கல்லூரியில் குவாண்டம் இயங்கியலை முதன்முதலாகப் படிப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, மேசையருகே வந்து தயங்கித் தயங்கிக் கேட்கப்படுபவைதான். அதனால் சிலவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். குவாண்டம் பாடம் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. கணக்கு கொடுத்தால் போட்டுவிடுகிறேன், விடையும் சரியாக வருகிறது. ஆனால் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எலக்ட்ரான் அலையா, துகளா என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு இந்தப் பாடம் ஒத்துவராதா, சார்?

பதில்: கணக்கு சரியாக வருகிறது என்றால் பாடம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்றுதான் அர்த்தம், அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். உங்களைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த ‘அலையா, துகளா’ கேள்வி. அலை, துகள் இரண்டுமே நாம் கண்ணால் பார்த்த பெரிய பொருள்களிலிருந்து எடுத்த சொற்கள். தண்ணீரையும் மணலையும் பார்த்துப் பழகிய மொழி அது. எலக்ட்ரான் அந்த இரண்டில் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்படியானால் எலக்ட்ரானைப் பற்றி எப்படித்தான் பேசுவது? இந்தப் பாடம் நம் கையில் கொடுக்கும் கருவி நிகழ்தகவு வீச்சு. அது ஒரு கலப்பெண். கலப்பெண்ணை ஒரு அம்பாக நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நீளம் உண்டு, எந்தப் பக்கம் நோக்குகிறது என்ற திசையும் உண்டு. ஒரு நிகழ்ச்சி நடக்க ஒவ்வொரு வழிக்கும் ஒரு அம்பு. எந்த வழியில் நடந்தது என்பதற்கு எங்கேயும் தடயம் இல்லையென்றால் எல்லா அம்புகளையும் கூட்டவேண்டும், கூட்டிவந்த அம்பின் நீளத்தை வர்க்கப்படுத்தினால் அது நடப்பதற்கான நிகழ்தகவு கிடைக்கும். தடயம் எங்காவது பதிந்துவிட்டால் வரிசை மாறிவிடும், ஒவ்வொரு அம்பையும் முதலில் வர்க்கப்படுத்தி அப்புறம் கூட்டவேண்டும். மீதிப் பாடம் முழுக்க இந்த ஒரு விதியை வெவ்வேறு இடங்களில் பயன்படுத்துவதுதான்.

இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக எலக்ட்ரான்களைத் திரைக்கு அனுப்பும் இரட்டைப் பிளவுச் சோதனையை எடுத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது பிளவு வழியாக அந்தப் புள்ளிக்கு வரும் அம்பின் நீளம் 1, வலது பிளவு வழியாக வருவதும் 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளவை மூடிவிட்டால் வர்க்கம் 1, அதாவது அந்தப் புள்ளியில் விநாடிக்கு ஒரு எலக்ட்ரான் என்று கணக்கு வைக்கலாம். இரண்டையும் திறந்தால் சாதாரண அறிவு 2 என்று சொல்லும். அம்புகள் ஒரே திசையில் இருக்கும் புள்ளியில் கூட்டுத்தொகை 2, வர்க்கம் 4. எதிரெதிரே இருக்கும் புள்ளியில் கூட்டுத்தொகை 0, வர்க்கமும் 0. இரண்டாவது கதவைத் திறந்ததால் வருகை நின்றுபோன இடம் அது! அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசியுங்கள், அவசரமாகத் தாண்டவேண்டாம். 4 உள்ள இடங்களையும் 0 உள்ள இடங்களையும் இடைப்பட்டவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பழைய 2 திரும்ப வந்துவிடும், ஆக எலக்ட்ரான் ஒன்றும் காணாமல் போகவில்லை, வந்து விழும் இடங்கள்தான் மாறியிருக்கின்றன.

1989இல் ஜப்பானில் டோனோமுராவின் குழு இரட்டைப் பிளவுக்கு இணையான ஓர் அமைப்பில் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் பிடித்தது. முதலில் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. ஆயிரக்கணக்கில் சேரச் சேரத்தான் வரிவரியாகக் கோடுகள் எழுகின்றன. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரே இடத்தில் ஒரே புள்ளியாக விழுகிறது, எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்பதை அம்புகளின் கூட்டல் முடிவு செய்கிறது. யாராவது உங்களிடம் கேட்டால் இதைச் சொல்லுங்கள், இது முழுமையான பதில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ‘வர்க்கம் எடு’ என்ற விதியைக் கண்டுபிடித்தவர் மேக்ஸ் போர்ன், 1926இல். அந்தக் கட்டுரையின் உடற்பகுதியில் வீச்சையே நிகழ்தகவு என்பதுபோல எழுதிவிட்டு, அச்சுப்படி திருத்தும்போது அடிக்குறிப்பில்தான், இன்னும் கவனமாகப் பார்த்தால் அது வர்க்கத்துக்கு விகிதமாக இருக்கும் என்று சேர்த்தார். அந்தப் பணிக்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடித்தவருக்கே முதல் வீச்சில் சரியாக வராத விஷயம் உங்களுக்கு ஆறே வாரத்தில் பிடிபடவில்லையே என்று வருந்தத் தேவையில்லை.

கேள்வி: அடுத்த பருவத்தில் எனக்குக் குவாண்டம் வருகிறது. நடுவில் இரண்டு மாதம் விடுமுறை. எந்தக் கணிதத்தை எவ்வளவு படித்து வைக்கவேண்டும்? சீனியர்கள் சொல்லும் பட்டியல் பயமுறுத்துகிறது.

பதில்: அந்தப் பட்டியலில் முக்கால்வாசி இப்போது வேண்டாம். தேவையானது கொஞ்சம்தான், ஆனால் அது கையில் ஓடவேண்டும், பார்த்தால் புரிகிறது என்ற அளவில் இருந்தால் போதாது. கலப்பெண்ணைக் கோணமும் நீளமுமாக எழுதத் தெரியவேண்டும். ஒரு சார்பை இரண்டு முறை வகையிட்டால் அதே சார்பு எதிர்க்குறியோடு வந்தால் விடை சைன், கொசைன் என்றும், நேர்க்குறியோடு வந்தால் அடுக்குக்குறிச் சார்பு என்றும் யோசிக்காமல் சொல்ல வரவேண்டும், பெட்டிக்குள் துகள் கணக்கும் (இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட துகள்) தடையைத் துளைக்கும் கணக்கும் அந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகின்றன. காஸ் சார்பின் தொகையிடல் ஒன்று. சராசரி, விலக்கம் ஆகிய இரண்டும். மற்ற நேரத்தையெல்லாம் நேரியல் இயற்கணிதத்துக்குக் கொடுங்கள், அதிலும் இரண்டுக்கு இரண்டு அணிகள் போதும்.

ஒரு அணியை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசை 0, 1. கீழ் வரிசை 1, 0. இதை (1, 1) என்ற நெடுவரிசையோடு பெருக்கினால் அதே (1, 1) திரும்பி வருகிறது. (1, −1) உடன் பெருக்கினால் (−1, 1) வருகிறது, அதாவது பழைய வெக்டரே −1 ஆல் பெருக்கப்பட்டு வருகிறது. ஆக இந்த அணியின் ஐகன் மதிப்புகள் +1, −1. அப்புறம் (1, 0) ஐப் பாருங்கள். அது இந்த அணியின் ஐகன் வெக்டர் கிடையாது, ஆனால் (1, 1) ஐயும் (1, −1) ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் (1, 0) வந்துவிடுகிறது. சின்னக் கணக்குதான். ஆனால் எலக்ட்ரானின் ஸ்பின் (அதற்கு இயல்பாகவே உள்ள தற்சுழற்சி போன்ற பண்பு) பற்றிய முதல் பாடம் கிட்டத்தட்ட முழுவதும் இதற்குள் இருக்கிறது, கீழே இன்னொரு கேள்வியில் இதே அணி திரும்ப வரப்போகிறது. இப்படிப்பட்ட அணிகள் ஒரு இருபதை எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள்.

1925இல் ஹைசன்பெர்க் தன் புதிய கோட்பாட்டின் முதல் கட்டுரையை எழுதியபோது அவருக்கு அணிகள் என்றால் என்ன என்று தெரியாது. தான் எழுதிய எண் அட்டவணைகளைப் பெருக்கும்போது, எதை முதலில் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவதைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்தது. இது அணிப் பெருக்கல் என்று அடையாளம் கண்டவர் போர்ன்தான். அந்தச் சங்கடம்தான் இன்று உங்கள் புத்தகத்தில், இடத்தையும் உந்தத்தையும் இரண்டு வரிசையில் பெருக்கிக் கழித்தால் ஹெச்-பாரின் (பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்தது) கற்பனை மடங்கு வரும் என்று ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டு வைத்திருப்பது.

கேள்வி: கணிதம் படிக்கிறேன், விருப்பப் பாடமாகக் குவாண்டம் எடுத்தேன். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் கற்பனை எண் ஏன் வருகிறது? மின்சுற்றுக் கணக்கில் வருவதுபோல வசதிக்காகத்தானே?

பதில்: மின்சுற்றில் கடைசியில் மெய்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவோம். இங்கே அப்படி விடமுடியாது, அம்பின் இரண்டு பகுதிகளும் சேர்ந்துதான் நிகழ்தகவு வருகிறது.

அம்புகள் காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்வதுதான் ஷ்ரோடிங்கர் சமன்பாடு. தடையில்லாத வெளியில் செல்லும் துகளுக்கான அந்தச் சமன்பாட்டையும் வெப்பம் பரவும் சமன்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காலத்தில் ஒரு வகையீடு, இடத்தில் இரண்டு வகையீடு, உருவத்தில் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு அந்தக் கற்பனை எண் மட்டுமே. அது இல்லாவிட்டால் மேடு பள்ளங்கள் கரைந்து சமமாகிவிடும், சூடான கம்பி ஆறிப்போவதுபோல. அது இருப்பதால் அம்பின் நீளம் தேயாமல் அம்பு சுழல்கிறது. கற்பனை எண்ணால் பெருக்குவது என்றாலே 90 டிகிரி திருப்புவது என்று உங்களுக்குத் தெரியும். அதாவது ‘அம்பு மாறும் திசை, அம்புக்கு எப்போதும் செங்குத்தாக இருக்கட்டும்’ என்று சமன்பாடு சொல்கிறது. எப்போதும் செங்குத்தாகவே மாறினால் வட்டம்தானே வரும்!

எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதை ஆற்றல் முடிவு செய்கிறது. 1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள நிலையில் அம்பு விநாடிக்குச் சுமார் 240 லட்சம் கோடி முறை சுற்றும். ஒரே ஆற்றல் உள்ள நிலை என்றால் எல்லா அம்புகளும் சேர்ந்து ஒரே வேகத்தில் சுழலும், வர்க்கம் எடுத்தால் எந்த மாற்றமும் தெரியாது, அதைத்தான் நிலையான நிலை என்கிறோம். இரண்டு ஆற்றல்கள் கலந்திருந்தால் ஒரு அம்பு மற்றதை முந்திக்கொண்டு ஓடும், சில நேரம் இரண்டும் சேரும், சில நேரம் எதிர்க்கும், அப்போதுதான் மின்னூட்டம் ஆடுவது தெரிகிறது. அந்த ஆட்டத்தின் வேகம் இரண்டு ஆற்றல்களின் வித்தியாசம். ஹைட்ரஜனில் மூன்றாம் மட்டம் −1.51, இரண்டாம் மட்டம் −3.40, வித்தியாசம் 1.89 எலக்ட்ரான்வோல்ட். அது 656 நானோமீட்டர் சிவப்பு ஒளி. நிறமாலையில் எப்போதும் வித்தியாசங்களே தெரிவதற்கு இதுதான் காரணம், எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

கேள்வி: பார்ப்பவர் ஒருவர் இருந்தால்தான் எலக்ட்ரான் முடிவெடுக்கிறது என்கிறார்களே, மனித மனத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: கணக்கில் மனத்துக்கு இடமே இல்லை. முதல் பதிலில் ‘தடயம்’ என்று சொன்னேன் அல்லவா, அதுதான் விஷயம். எலக்ட்ரான் போன வழி ஒரு காற்று மூலக்கூறின் அசைவில் பதிந்தாலும், ஒரு ஒளித்துகள் சிதறியதில் பதிந்தாலும் கோடுகள் அழிந்துவிடும், ஆய்வகத்தில் யாருமே இல்லாவிட்டாலும் அழியும். இருக்கும் வாய்ப்புகளில் குறிப்பிட்ட ஒன்று மட்டும் ஏன் நடக்கிறது என்பது பெரிய கேள்விதான், அதில் இயற்பியலாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அந்த விவாதத்தை முதல் பாடத்துக்குள் இழுத்துவந்தால் பாடம் நகராது.

கேள்வி: எனக்கு வயது 61, ஓய்வுபெற்ற பிறகு இணையத்தில் முதல் நிலைக் குவாண்டம் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒளியை அடிக்கிறோம், அந்த ஒளி அதைத் தட்டிவிடுகிறது, அதனால்தான் வேகம் தெரியாமல் போகிறது என்று அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர் சொன்னார். இப்போதைய பாடத்தில் அப்படிச் சொல்லவில்லையே. எது சரி?

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்ன அந்த உருவகத்தை 1927இல் ஹைசன்பெர்க்கே பயன்படுத்தினார், அதனால் அவரைக் குறை சொல்லமுடியாது. ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டால், எலக்ட்ரானுக்குத் துல்லியமான இடமும் வேகமும் உள்ளே எங்கோ இருக்கின்றன, நம் கருவிதான் முரடு என்ற எண்ணம் தங்கிவிடும். இப்போதைய பாடம் சொல்வது வேறு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அம்பு என்று எழுதி வைத்த தொகுப்பைத்தான் அலைச்சார்பு என்கிறோம். இடம் குறுகலாக உள்ள அலைச்சார்பு வேண்டுமென்றால் பல அலைநீளங்களைச் சேர்த்தால்தான் அதை உருவாக்க முடியும். அலைநீளம்தான் உந்தம். ஆகவே இடம் குறுகினால் உந்தம் விரியும். யாரும் பார்க்காவிட்டாலும், ஒளி அடிக்காவிட்டாலும் அப்படித்தான். மிகக் குறுகிய ஒரு ஒலியை எழுப்பிவிட்டு அதன் சுருதி என்ன என்று கேட்டால் சொல்லமுடியாது இல்லையா, ஒரு தட்டல் சத்தத்துக்குச் சுருதி கிடையாது. அதே கணக்குதான்.

எண்களைப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஹெச்-பாரின் மதிப்பு 1.055 × 10⁻³⁴ ஜூல் விநாடி. எலக்ட்ரானை ஒரு அணுவின் அகலமான 0.1 நானோமீட்டருக்குள் அடைத்தால், வேகத்தில் குறைந்தது விநாடிக்கு 580 கிலோமீட்டர் பரவல் வரும். அதையே 160 கிராம் பந்துக்குப் போடுங்கள், அதன் இடத்தையும் அதே 0.1 நானோமீட்டர் துல்லியத்தில் தெரிந்துகொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகப் பரவல் விநாடிக்கு 3 × 10⁻²⁴ மீட்டர். பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் அந்த வேகத்தில் போனாலும் பந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட நகராது. நாம் ஏன் இதை அன்றாடம் உணர்வதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அணு நொறுங்காமல் நிற்பதும் இதனால்தான். பழைய இயற்பியல்படி எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்துகொண்டே 10⁻¹¹ விநாடி அளவிலான நேரத்தில் கருவுக்குள் விழுந்துவிடவேண்டும். ஏன் விழவில்லை? கருவுக்கு அருகே போகப்போக மின் ஈர்ப்பால் ஆற்றல் குறைகிறது, அது தூரத்தின் தலைகீழாக. ஆனால் இடம் குறுகுவதால் உந்தம் கூடி இயக்க ஆற்றல் ஏறுகிறது, அது தூரத்தின் வர்க்கத்தின் தலைகீழாக. மிக அருகே வர்க்கம்தான் வெல்லும். இரண்டையும் கூட்டி, எந்தத் தூரத்தில் மொத்தம் மிகக் குறைவு என்று வகையிட்டுப் பாருங்கள். உந்தம் என்பது ஹெச்-பாரைத் தூரத்தால் வகுத்தது என்று வைத்துக்கொண்டால் தூரம் 0.053 நானோமீட்டர், ஆற்றல் −13.6 எலக்ட்ரான்வோல்ட். இது தோராயக் கணக்குதான், எண்கள் அச்சாக அமைவது நாம் உந்தத்தை அப்படித் தேர்ந்ததால். ஆனால் அணுவின் அளவு ஏன் இவ்வளவு, ஏன் இதைவிட ஆயிரம் மடங்கு சிறிதாக இல்லை என்ற கேள்விக்கு அரைப்பக்கத்தில் விடை கிடைத்துவிடுகிறது. ஐயா, நீங்கள் இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பல நாள் பாடம் கேட்டாலும் வராத நிறைவு வரும்.

கேள்வி: எங்கள் பேராசிரியர் ஸ்டெர்ன்-கெர்லாக் சோதனையில் தொடங்கி ஸ்பின்னையே ஐந்து வாரம் நடத்தினார். வேறு கல்லூரியில் படிக்கும் என் நண்பனுக்குப் பெட்டிக்குள் துகளில் தொடங்கினார்கள். எது சரியான முறை?

பதில்: இரண்டு முறையிலும் நல்ல மாணவர்கள் உருவாகிறார்கள். என்னைக் கேட்டால் உங்கள் பேராசிரியர் பக்கம் நிற்பேன். அலைச்சார்பில் தொடங்கினால் வகைக்கெழுச் சமன்பாட்டின் வேலையே பெரிதாகிவிடுகிறது, இது ஏற்கெனவே தெரிந்த நரம்பு அதிர்வுதானே என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஸ்பின்னில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை, அங்கே இருப்பவை இரண்டே எண்கள்.

1922இல் பிராங்க்பர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலம் வழியாக அனுப்பினார்கள். பழைய இயற்பியல்படி கண்ணாடித் தட்டில் ஒரே நீட்டமாகப் படலம் படியவேண்டும். நடுவில் வெற்றிடம் விட்டு இரண்டாகப் பிரிந்து படிந்தது. சரி, அதில் மேலே வந்த அணுக்களை மட்டும் எடுத்துக் கிடைமட்டக் காந்தத்துக்குள் விடுங்கள், பாதி இடம், பாதி வலம். வலம் வந்ததை மட்டும் எடுத்துத் திரும்பவும் செங்குத்துக் காந்தத்துக்குள் விட்டால் என்ன வரும்? முன்பே ‘மேல்’ என்று தேர்ந்தெடுத்தவை அல்லவா, ஆனாலும் பாதி கீழே போகின்றன. முதல் தேர்வின் நினைவே அவற்றிடம் இல்லை. மேலே பார்த்த அணி இங்கேதான் வருகிறது. ‘மேல்’ என்பது (1, 0). கிடைமட்டக் காந்தம் கேட்கும் கேள்விக்கு விடைகள் (1, 1), (1, −1). வலம் என்ற (1, 1) ஐத் தேர்ந்தால் அதில் மேல், கீழ் இரண்டும் சம அளவில் இருக்கின்றன.

ஆனால் இடம், வலம் இரண்டையும் தடயம் ஏதும் விடாமல் திரும்ப ஒன்றாகச் சேர்த்துவிட்டால்? (1, 1) ஐயும் (1, −1) ஐயும் கூட்டுங்கள், கீழ்ப் பகுதி அடிபட்டு (1, 0) வந்துவிடும். எல்லாம் மேலே. பிளவுகள் இல்லை, அலை இல்லை, திரையில் கோடுகளும் இல்லை, இருந்தாலும் இரட்டைப் பிளவில் பார்த்த அதே விஷயம். உங்கள் நண்பரிடம் இதை ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள், அவர் பெட்டிக்குள் துகளை உங்களுக்குச் சொல்லட்டும்.

கேள்வி: பாடம் புரிகிறது, தேர்வில் மதிப்பெண் வரவில்லை. விடைத்தாள் திருத்துபவராக நீங்கள் பார்க்கும் தவறுகள் எவை?

பதில்: ஒரே ஒரு தவறைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் பார்ப்பது அதுதான். சராசரி ஆற்றலையும் அளந்தால் கிடைக்கும் ஆற்றலையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெட்டிக்குள் துகளின் முதல் மட்டத்தின் ஆற்றலை ஒரு அலகு என்று வைத்துக்கொள்வோம், மட்டங்கள் 1, 4, 9, 16 என்று போகும். துகளின் நிலையில் முதல் மட்டத்தின் நிகழ்தகவு மூன்றில் ஒன்று, இரண்டாம் மட்டத்தின் நிகழ்தகவு மூன்றில் இரண்டு. ஆற்றலை அளந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பலர் சராசரியைப் போட்டு 3 என்று எழுதுகிறார்கள். சராசரி 3 தான், அதில் தவறில்லை. ஆனால் எத்தனை முறை அளந்தாலும் 3 வரவே வராது! 1 வரும் அல்லது 4 வரும். 4 வந்தால் உடனே திரும்ப அளந்தாலும் 4 தான் வரும், ஏனென்றால் நிலையே இரண்டாம் மட்டமாக மாறிவிட்டது. இந்த மூன்று வாக்கியங்களையும் விடைத்தாளில் எழுதத் தெரிந்தவருக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் போடுவேன்.

மற்றவை சின்னச் சின்ன கவனக்குறைவுகள்: மொத்த நிகழ்தகவு 1 ஆகிறதா என்று பார்க்காமல் விடுவது, பெட்டியில் மட்ட எண் 0 என்று ஒன்றை எழுதுவது, அலகைச் சரிபார்க்காமல் விடுவது. கடைசிப் பத்து நிமிடத்தை இவற்றுக்காகவே ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: தடையைத் தாண்டப் போதுமான ஆற்றல் இல்லாத துகள், கொஞ்ச நேரத்துக்கு ஆற்றலைக் கடன் வாங்கித் தாண்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படித்தானா?

பதில்: கடன் எதுவும் இல்லை. நீங்கள் போடும் கணக்கில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஆற்றல் ஒரே எண்தான், எந்த வரியிலும் அது ஏறி இறங்குவதில்லை. தடைக்குள் அலைச்சார்பு ஆடுவதற்குப் பதிலாகத் தேய்ந்துகொண்டே போகிறது, தடை முடிவதற்குள் முழுவதும் தேய்ந்துவிடவில்லை என்றால் மறுபக்கத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தின் வர்க்கம்தான் துகள் வெளியே கிடைப்பதற்கான வாய்ப்பு.

இதன் வலு தெரியவேண்டுமானால், அணுக்கருவிலிருந்து ஆல்பாத் துகள் (ஹீலியம் அணுக்கரு) வெளியேறும் ஆல்பாச் சிதைவைப் பாருங்கள். யுரேனியம்-238 விடும் ஆல்பாத் துகளின் ஆற்றல் சுமார் 4.2 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட், அதை அடைத்து வைத்திருக்கும் தடையின் உச்சியோ 20 மில்லியனுக்கும் மேல். அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212 விடும் ஆல்பாவின் ஆற்றல் சுமார் 8.8 மில்லியன், அரை ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு, சுமார் 0.3 மைக்ரோவிநாடி. ஆற்றல் இரண்டு மடங்குதான் கூடியது, ஆயுள் 10²³ மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. வேறு எந்தத் துறையில் இப்படி ஒரு விகிதத்தைப் பார்க்கமுடியும்? 1928இல் காமோவும், தனியாக கர்னியும் காண்டனும், தேயும் அலைச்சார்பை வைத்தே இதை விளக்கினார்கள். தேய்மானம் அடுக்குக்குறியில் வருவதால் ஆற்றலில் சின்ன மாற்றம் அடுக்கில் போய் உட்கார்ந்து விடையைப் புரட்டிப் போடுகிறது.

1981இல் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய ஊடுருவல் நுண்ணோக்கி வேலை செய்வதும் இந்த அடுக்குக்குறியால்தான், அதற்கு 1986இல் நோபல் கொடுத்தார்கள். அதன் ஊசி முனைக்கும் பரப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எலக்ட்ரான்கள் துளைத்து வருகின்றன. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல் 4 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொண்டு, உங்கள் புத்தகத்தில் செவ்வகத் தடைக்குக் கொடுத்திருக்கும் தேய்மான வாய்பாட்டில் போடுங்கள். 0.1 நானோமீட்டருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு என்று வரும்.